தவளை முட்டையுள் துடிக்கும் இருதயம்

மாரி மழை பொழிந்து, தம்பலகாமத்து வயல்களிலும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குளங்களிலும் நீர் நிறைந்ததும், வழுவழுப்பான கூழிற் பொதிந்த தவளை முட்டைகளை நாம் காண்கிறோம். அச்சிறு முட்டையுள் இருதயம் எங்ஙனம் தோன்றுகிறது? இவ்வினா நம் வீட்டுத் தொட்டிலோடும் தொடர்புடையதாகும்.

முட்டை பல கலங்களாகப் பிரியும் தொடக்கத்தில், இன்ன கலம் இருதயமாகும் என்பது பார்வைக்குப் புலனாவதில்லை. பின்னர் முளையத்தின் நடுப்படையில், இருமருங்கும் ஒவ்வொரு கலக்கூட்டம் அப்பணிக்கென ஒதுங்குகிறது. அண்டையிலுள்ள உட்படை சுரக்கும் புரதங்களே அவற்றை இருதயமாகுமாறு தூண்டுகின்றன. இரு கூட்டங்களும் வயிற்றுப்புறம் நகர்ந்து, ஒன்றுகூடிக் குழாயாகித் துடிக்கத் தொடங்குகின்றன. அவற்றைச் சேரவொட்டாது தடுத்தால் இரண்டு இருதயங்கள் தோன்றும்!

அண்டைக் கலங்களின் வலிமைக்கு வேறு சான்றும் உண்டு. மெக்சிக்கோ நாட்டு ஆக்சலோட்டல் என்பது தவளையைப் போன்ற ஈரூடகவாழி. அதன் முளையங்கள் சிலவற்றில் இருதயம் உருவாகியும் துடிப்பதில்லை என்பதை அமெரிக்க அறிஞர் ஹம்ப்ரி 1972ஆம் ஆண்டில் விளக்கினார். அத்தகைய முளையத்தின் இருதயப் பகுதியை நலமுள்ள முளையமொன்றில் ஒட்டியபோது, அது துடிக்கலாயிற்று!

இருதய ஆக்கத்தை நடத்தும் பரம்பரை அலகொன்று முதலிற் பழ ஈயிற் கண்டறியப்பட்டது. அதற்கு ஒப்பானது தவளையிலும் மனிதரிலும் உளது. மனிதரில் அது பழுதுற்றால் இருதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துவாரம் அமையக்கூடும் என 1998இல் அறியப்பட்டது. பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 100க்கு 1 இருதயக் குறையுடன் பிறக்கிறது.

அத்தகைய குழந்தை பிறந்தால், கிரகணத்தன்று வெளியே சென்றாள் என்றும், முன்வினை என்றும் தாயைப் பழித்தல் நம்மிடையே இன்னும் மறையவில்லை. இது கொடுமையன்றோ? மனிதக் கருவில் இருதயம் துடிக்கத் தொடங்குவது மூன்றாம், நான்காம் வாரங்களிலேயாம். பல தாய்மார் தாம் கருவுற்றதையே அப்போது அறியார்!

நாம் செய்யக்கூடியனவும் சில உள. கருவுறுமுன்பே ருபெல்லாத் தடுப்பூசி பெற்றிருத்தலும், நீரிழிவைக் கட்டுப்படுத்தலும் இன்றியமையாதன. பாலுண்கையிற் குழந்தை களைத்து வியர்த்தாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. பழிப்பதிற் போக்கும் பொழுதை அதற்குச் செலவிடுவோமாக.