உடலில்லாப் பாடகியும் எங்கள் வீட்டுக் குரல்களும்

கனடாவிலிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற பழைய பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவியில் நான் அடிக்கடி விளையாடுவது ‘ஹட்சுனே மிக்கு: புரொஜெக்ட் டிவா’. யப்பானின் செகா நிறுவனம் 2009 யூலையில், இங்கே போர் முடிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத வேளையில், வெளியிட்ட விளையாட்டு இது. எட்டிப் பார்க்கும் தோட்டவெளிப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: “பாடுறது ஆர்?”

விளையாட்டு எளிது. பாட்டு ஓட ஓட, முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறிகள் திரையில் தோன்றும். பறந்துவரும் குறி தன் இடத்தில் பொருந்தும் கணத்தில் அதே பொத்தானை அழுத்த வேண்டும். தாளத்தில் விழுந்தால் ‘கூல்’. அதிகம் தவறினால் பாட்டு பாதியில் நின்றுவிடும். கண்ணை மட்டும் நம்பினால் விரல் பிந்தும். கூத்துக்கு மத்தளம் அடிப்பவரைப்போல, அடுத்த அடியைக் காது முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். யப்பானிய மொழி தெரியாமலே என்னால் விளையாட முடிவது அதனால்தான்.

இனி, பிள்ளைகளின் கேள்வி. மிக்கு என்றொரு பெண் இல்லை. சப்போரோ நகரின் கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்ட மென்பொருள் அது. யமஹாவின் வோக்கலோயிட் தொழில்நுட்பத்தில் இயங்குவது. ஆனால் குரலுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை ஒலித்துண்டுகளாகப் பேசிப் பதிவுசெய்து கொடுத்தார். சொல்லையும் சுரத்தையும் கணினியில் இட்டால், மென்பொருள் அந்தத் துண்டுகளைக் கோத்துப் பாடும். விளையாட்டிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை இணையத்தில் இரசிகர்கள் ஆக்கியவை.

இது எங்களுக்கு முற்றிலும் புதிதல்ல. எங்கள் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் உருவங்களைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டும் மரபு உண்டு. உருவம் முன்னே அசையும். குரல் பின்னாலிருந்து வரும்.

தமிழ்த் திரையிசை இன்னும் ஒரு படி போய்விட்டது. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீளப் பாடவைத்தார். குடும்பத்தினரின் அனுமதியைப் பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பதிவு இருந்தால் மட்டுமே குரல் மீளும். எங்கள் வீடுகளில் அதுதான் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கையில் படம் இருக்கிறது. அந்தப் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்ட குரல் பலரிடம் இல்லை. இடம்பெயர்ந்த வழிகளில் கசற்றுகளும் தொலைந்தன. எந்தத் தொழில்நுட்பமும் அதை இனித் திருப்பித் தராது.

இருப்பவர்களின் குரலையாவது காப்போம். அப்பாச்சியின் தாலாட்டை, அண்ணாவியாரின் கூத்துப் பாட்டைத் தொலைபேசியில் பதியுங்கள். பெயரையும் ஊரையும் திகதியையும் தொடக்கத்திலேயே சொல்ல வையுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று முக்கியம்: அவர்களைக் கேட்டுப் பதியுங்கள், கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். இன்று ஒருவருடைய குரலைக்கொண்டு அவர் சொல்லாததையும் சொல்லவைக்கலாம். குரலுக்கு உரிமையாளர் அவரே.