உங்களுக்குத் தெரியுமா? பெயர் கோவளத்துக்கு, விளக்கு விழிஞ்ஞத்துக்கு!

கேரளத்தின் கோவளம் என்றதும் கண்முன் வரும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தின் அதிகாரபூர்வப் பெயர் ‘விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம்’. 1972-இல் ஏற்றப்பட்டது, உயரம் 36 மீட்டர். கப்பலுக்கு வழிகாட்டக் கட்டியது, இன்று டிக்கெட் வாங்கி மேலே ஏறும் சுற்றுலா இடம். வடக்கே பார்த்தால் குடைகள் விரித்த கோவளம் கடற்கரை. தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறை, அதை அடுத்து ராட்சதக் கிரேன்கள்.

அந்தக் கிரேன்கள் நிற்பது, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசத் துறைமுகத்தில். அடுத்த மாதமே, உலகின் மிகப்பெரிய சரக்குக் கப்பல்களில் ஒன்றான ‘எம்எஸ்சி ஐரினா’ இங்கே வந்து நின்றது. சுமார் 400 மீட்டர் நீளம்! இந்தக் காட்சிக்கு விளம்பரமே தேவையில்லை.

விளம்பரம் தேவைப்படுவது விழிஞ்ஞம் ஊருக்குள் இருக்கும் 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலுக்குத்தான். ஒரே பாறை, உள்ளே சின்ன அறை ஒன்று. அதில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கியபடியே நிற்கிறார்கள்; சிற்பி ஏன் நிறுத்தினார் என்பதற்கு நம்பகமான பதில் இல்லை. இப்பகுதியை ஆண்ட ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்த ஊர் இது. கோவளம் வரை வருபவர்களில் பலர் இந்தக் கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இத்தனைக்கும் கடற்கரையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான்.

பழைய கோயில் மட்டுமல்ல, 1991-இல் கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையமும் விழிஞ்ஞத்தில்தான் அமைந்தது. சென்னை ஐஐடியின் முயற்சி அது.