சொத்தைப் பல்லும் அதனை அடைக்கும் மருந்தும்

கை முறிந்தால் எலும்பு கூடுகின்றது. தோல் கிழிந்தால் ஆறுகின்றது. பல்லில் விழுந்த குழியோ ஆறுவதில்லை. காரணம் யாதெனின், பல்லின் மேற்புறமாகிய எனாமலை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்குங்காலத்தே அழிந்துவிடுகின்றன. கொத்தர் போய்விட்ட வீட்டிற்குப் பழுது பார்ப்பார் இலர். ஆயினும் எனாமலுக்கு உள்ளே டென்டைன் என்னும் பகுதியும், அதனுள் இரத்தமும் நரம்பும் பொருந்திய பற்கூழும் உள. அக்கூழின் ஓரத்து அணுக்கள் ஆயுள்முழுதும் டென்டைனைச் சிறிது சிறிதாக ஆக்க வல்லன. இவ்வணுக்களை வேலை வாங்கும் மருந்தையே ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர்.

பாதரசத்தில் வெள்ளி, வெள்ளீயம் முதலியவற்றின் பொடியைக் குழைத்த கலவை நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அது பல்லோடு ஒட்டாது; ஆதலின் நல்ல பாகத்தையும் குடைந்து, வாய் குறுகி அடி அகன்ற குழியாக்கி அதில் இறுக்கினர். 1972இல் இங்கிலாந்தில் வில்ஸன், கெண்ட் என்னும் இருவர் வெளியிட்ட கண்ணாடிப்பொடிச் சிமெண்டோ பல்லின் கால்ஸியத்தையே பற்றிக்கொள்வதோடு, ப்ளூரைடையும் மெல்லக் கசியவிடுகின்றது.

கூழைத் தூண்டிய முதன்மையான மருந்து, 1920இல் ஹெர்மன் என்னும் ஜெர்மானியர் பல்வைத்தியத்திற் புகுத்திய கால்ஸியம் ஹைட்ராக்ஸைடு. நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் அதுவே. (வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தையில் அப்பிப் பார்க்க எண்ணுவோர் வாய் வெந்துபோமென்பதை மறவாதிருப்பாராக.) அதன் காரம் கூழின் மேற்பரப்பைச் சற்றே சுடும், சுட்ட இடத்தின்கீழ்ப் புதிய டென்டைன் ஒரு பாலம்போல எழும். ஆனால் அப்பாலத்தில் துளைகள் மிகுதி. மருந்தும் நாளடைவிற் கரையும். 1990க்குப் பின், அமெரிக்காவில் லோமா லிண்டா சர்வகலாசாலையைச் சார்ந்த டொரபினிஜாட் என்பார், வீடு கட்டும் போர்ட்லண்டு சிமெண்டையே அடிப்படையாகக் கொண்டு வேறொன்று செய்தார். ஈரத்திலேயே இறுகும் அது, இறுகும்போது அச்சுண்ணாம்பையே சிறிது சிறிதாக வெளியிடும். அதன்கீழ் எழும் பாலமும் செறிவுடையது.

2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியார் டைடெக்ளூசிப் என்னும் மருந்தில் தோய்த்த கொல்லாஜென் பஞ்சை எலியின் பல்லில் வைத்தனர். பஞ்சு கரைய, அவ்விடத்தை டென்டைன் நிரப்பியது. எலிப்பல்லின் குழி மிகச் சிறிது; மனிதன் சொத்தைக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

சுண்ணாம்பாயினும் பஞ்சாயினும், கூழ் உயிரோடிருந்தாலன்றி டென்டைன் எழாது. பல நாள் வருத்திய பல்வலி ஒருநாள் தானே நின்றால், சொத்தை ஆறிற்றென நம்மிற் பலர் மகிழ்கின்றோம். பெரும்பாலும் அன்றுதான் கூழ் இறந்திருக்கும்.