ஒரே சுவர்... இரண்டு விலை!

கைபேசியில் இரண்டு விளம்பரங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பேட்டர்சன் பூங்காவுக்கு வடக்கே, ஒரே தெருவில் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகள். ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டி விற்ற வரிசை. அகலம் 14 அடி. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். வாசலில் மூன்று வெள்ளைப் படிகள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். ஒன்றின் விலை 3,00,000 டாலர். மற்றது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, எதுக்கு இவ்ளோ வித்தியாசம்?" என்றார் நண்பர். வீடு தேடியவர் அவர். வேடிக்கை பார்க்கக் கூடப் போனவன் நான். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போயின.

படியும் பூச்சும்

பால்டிமோர் என்றாலே வரிசை வீடுகள். 19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆலைத் தொழிலாளிகளும் துறைமுகக் கூலிகளும் வாங்கக்கூடிய விலையில் தெருத் தெருவாகக் கட்டித் தள்ளினார்கள். வாசல் படி மட்டும் ஆடம்பரம். வெள்ளைச் சலவைக்கல், பக்கத்துக் காக்கிஸ்வில் சுரங்கத்திலிருந்து வந்தது. வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் அதே சுரங்கத்துக் கல் போயிருக்கிறது. சனிக்கிழமையானால் பெண்கள் முழங்காலிட்டு அந்தப் படிகளைத் தேய்த்துக் கழுவுவது ஒரு காலத்தில் இந்த ஊரின் அடையாளக் காட்சியாக இருந்தது.

முகப்பில் கல் போலத் தெரிவது கல் அல்ல. ஃபார்ம்ஸ்டோன் என்ற சிமென்ட் பூச்சு. 1937-ல் ஆல்பர்ட் நைட் என்ற உள்ளூர்க்காரர் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நகரத்தின் செங்கல் தெருத் தெருவாக அந்தப் பூச்சுக்குள் மறைந்தது. இந்த ஊர்த் திரைப்பட இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் அதற்கு 'செங்கலின் பாலியெஸ்டர்' என்று பெயர் வைத்தார். இப்போது காற்று திசை மாறிவிட்டது. பூச்சை உரித்துச் செங்கலைக் காட்டினால் விலை ஏறுகிறது.

அங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரையில் கட்டியது. இடுக்குகளில் சிமென்ட்டை அடைத்துவிட்டால் சுவருக்குள் போன ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் பொரிந்து உதிரும். மூன்று லட்சம் டாலர் வீட்டின் முகப்பு படத்தில் ஜொலித்தது. நேரில் போய் இடுக்கை நகத்தால் சுரண்டினோம். சிமென்ட்!

விளம்பரம் சொல்லாதது

வீட்டு விளம்பரத்துக்கென்று ஒரு தனி அகராதி உண்டு. 'கோஸி' என்றால் கட்டில் போட்டபின் பீரோவுக்கு இடமில்லை. 'டென்' என்றால் பெரும்பாலும் ஜன்னல் இல்லாததால் படுக்கையறை என்று எழுத வழியில்லாத அறை. பழைய வரிசை வீடுகளில் நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு இருந்தால் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1910-களில் அகலம் கூட்டி, எல்லா அறைக்கும் ஜன்னல் வைத்து, 'டேலைட்' வீடுகள் என்று கட்ட ஆரம்பித்தார்கள். 'ஆஸ் இஸ்' என்றால் ரிப்பேர் செய்து தரச் சொல்லிக் கேட்காதே. 'ஷெல்' என்றால் நாலு சுவர். கூரை இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சொற்களைவிடப் படங்களை எண்ணுவது நல்லது. மூன்று லட்சம் வீட்டுக்கு 32 படங்கள். சமையலறைக்கு மட்டும் ஏழு. நிலவறைக்கு ஒன்றுமில்லை, கொல்லைப்புறத்துக்கு ஒன்றுமில்லை, மொட்டைக் கூரைக்கும் ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தரை, வெள்ளை அலமாரி, புது விளக்கு என்று எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது போலிருந்தால், யாரோ மலிவாக வாங்கி மேற்பூச்சுப் பூசி விற்கிறார்கள் என்று பொருள். புதுக் குழாயைப் பார்த்து மயங்காமல், நிலவறைக்கு இறங்கி அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய இரும்புக் குழாயைப் பார்க்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈய வர்ணம் பற்றிய படிவத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தரவேண்டியது விற்பவரின் சட்டக் கடமை.

காகிதத்தில் ஒளிந்திருப்பது

பாதி விலை வீட்டின் விளம்பரத்தில் கடைசி வரியில் ஒரு குறிப்பு: ஆண்டுக்கு 96 டாலர் 'கிரவுண்ட் ரென்ட்'. கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடிமனை வாடகைதான். வீடு உங்களுடையது, அது நிற்கும் மண் வேறொருவருடையது. 99 ஆண்டுக் குத்தகை, முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வீட்டை மலிவாக விற்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியவர்கள் மண்ணைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்; அந்த வாடகை உரிமை பிறகு கைமாறிக் கைமாறிப் போனது.

சில்லறைத் தொகைதானே என்று விட்டவர்கள் வீட்டையே இழந்திருக்கிறார்கள். 2006-ல் 'பால்டிமோர் சன்' நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே மேரிலாந்து மாநிலம் குடியிருப்புகளில் புதிய அடிமனைக் குத்தகைகளுக்குத் தடை போட்டது. பழையவை தொடர்கின்றன. மண்ணையும் வாங்கிவிடலாம், அதற்குக் கணக்கு உண்டு. 1888-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட பெரும்பாலான குத்தகைகளுக்கு 6 சதவீதம். 96-ஐ 0.06-ஆல் வகுத்தால் 1,600 டாலர். விலை பேசும்போதே இதைக் கழித்துவிட வேண்டும்.

பெரிய பள்ளம் வரியில். பால்டிமோர் நகரின் சொத்து வரி 100 டாலர் மதிப்புக்கு 2.248 டாலர். எல்லை தாண்டி, தனி நிர்வாகமான பால்டிமோர் கவுன்டிக்குப் போனால் 1.10 தான். 3,00,000 டாலர் வீட்டுக்கு இங்கே 6,744, அங்கே 3,300. மாநில வரி தனி. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் ஒரு சலுகை உண்டு. இருபது ஆண்டு குடியிருந்தவரின் ரசீதைக் காட்டி "வரி ரொம்பக் கம்மி" என்பார்கள். வீடு கைமாறியதும் அந்தச் சலுகை போய்விடும். புதிதாக வந்தவர் முழு மதிப்புக்குக் கட்டுவார்.

ஒரு வசதியும் உண்டு. மாநில மதிப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் எந்த வீடு எப்போது என்ன விலைக்குக் கைமாறியது என்பதை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் கணக்கு. அச்சில் வார்த்தது போன்ற வரிசை என்பதால் ஒப்பிடுவது எளிது. கார் நிறுத்தும் இடம், கூடுதல் குளியலறை, ஒன்றிரண்டு அடி அகலம் என்று கூட்டிக் கழித்தால் போதும். கழித்தோம். இரண்டு வீடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு அப்போதும் காரணம் கிடைக்கவில்லை.

மூன்றாவது கதவு

காரணம் தெருவில் நின்றது. மலிவு வீட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. கதவில்லை, பலகை அடித்திருந்தது. மேல் ஜன்னல் வழியே பார்த்தால் வானம் தெரிந்தது.

2024-ல் நகரக் கணக்கில் இப்படிக் கைவிடப்பட்டவை சுமார் 13,000. வரிசை வீட்டில் இது அடுத்தவர் பிரச்சினை அல்ல. தளத்தைத் தாங்கும் மரச் சட்டங்களின் நுனி பொதுச் சுவரில்தான் செருகியிருக்கும். கூரை போன வீட்டில் பெய்யும் மழை அந்தச் சுவர் வழியாக இறங்கும். இங்கே புது வர்ணம் அடித்தாலும் அங்கே சட்டத்தின் நுனி உளுத்துக்கொண்டிருக்கும். மலிவு வீட்டின் விலை இந்த உண்மையைச் சொல்லிவிட்டது. மூன்று லட்சம் வீட்டின் விலையோ, வாங்குபவர் ஒரு சுவருக்கு அப்பால் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையில் போட்டது.

அந்த வீடு ஏன் காலியானது என்று கேட்டால் பதில் செங்கலில் இல்லை. எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியேறலாம் என்று 1910-லேயே சட்டம் போட்ட நகரம் இது. 1917-ல் லூயிவில் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. இருந்தும் 1937-ல் கூட்டாட்சிக் கடன் நிறுவனம் ஒன்று நகர வரைபடத்தில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் தீட்டியது. சிவப்பில் விழுந்த இடத்துக்குக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கடன் இல்லாத இடத்தில் கூரையை யார் மாற்றுவார்கள்? வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுத்த 1968-ன் சட்டத்துக்குப் பிறகு, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை விளம்பரத்தில் எழுத முடியாது. ஆனால் பழைய சிவப்பு இன்றும் பல தெருக்களின் விலையில் தெரிகிறது.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் உண்டு. 1975-ல் ஆட்டர்பைன் பகுதியில் இடிபடக் காத்திருந்த நூற்றுச் சொச்சம் வீடுகளை, சீர்செய்து குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தலா ஒரு டாலருக்கு நகராட்சி குலுக்கலில் கொடுத்தது. இன்று அது விலை உயர்ந்த பேட்டை. ஒரு வீடு அழகானதால் அல்ல, வரிசை முழுக்கச் சேர்ந்து எழுந்ததால்.

ஞாயிறு மாலை இன்னொரு முறை போனோம். பலகை அடித்த வீட்டின் அடுத்த வாசலில் ஒரு முதிய அம்மா, வாளியும் தூரிகையுமாகப் படி தேய்த்துக்கொண்டிருந்தார். தன் மூன்று படிகளை முடித்துவிட்டு நகர்ந்து, பலகை அடித்த வீட்டின் படிகளையும் தேய்க்க ஆரம்பித்தார். யாருமில்லாத வீட்டுக்கு எதற்கு என்று நண்பர் கேட்டார்.

"யாரும் இல்லைதான். ஆனா சுவர் என் வீட்டுதும்கூட இல்லையா?" என்றார் அவர், நிமிராமலே. பிறகு, எந்த மழையில் எந்தக் கூரை விழுந்தது, அதன் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார், நகராட்சி எத்தனை நோட்டீஸ் ஒட்டியது என்று விவரமாகச் சொன்னார். 32 படங்களில் இல்லாதது அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது.

நண்பர் எந்த வீட்டுக்கும் விலை சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு தெருவுக்குப் போனார். இந்த முறை விளம்பரத்தில் இருந்த வீட்டைத் தட்டவில்லை. அதன் இடப்பக்கக் கதவைத் தட்டினார், பிறகு வலப்பக்கக் கதவை.