பங்கீட்டில் நியாயம்

இருவருக்குப் பொதுவாக 100 ரூபாய் அளிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பங்கிடும் உரிமை ஒருவருக்கு. ஏற்கவோ மறுக்கவோ உரிமை மற்றவருக்கு. அவர் ஏற்றால் இருவரும் தத்தம் பங்கைப் பெறுவர். மறுத்தால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. பங்கிடுபவர் 10 ரூபாய் மட்டும் தர முன்வந்தால், மற்றவர் என்ன செய்வார்?

தன்னலமே மனிதனை இயக்குவது என்னும் கணக்கின்படி, ஒரு ரூபாயாயினும் அவர் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்நாளைய மேற்கு ஜெர்மனியில் வெர்னர் கியூத் என்னும் பொருளாதார அறிஞரும் அவர்தம் துணைவர் இருவரும் மாணவரிடையே இதனைச் சோதித்து, 1982-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கணக்குப் பொய்த்தது. சரிபாதி கொடுத்தோர் பலர். பின்னர்ப் பல நாடுகளிலும் இச்சோதனை நடைபெற்றது. ஐந்தில் ஒரு பங்கினும் குறைவாகத் தர முன்வந்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் மறுத்துவிட்டனர். கைக்கெட்டிய பணத்தை இழந்தேனும் அநீதியை ஏற்க அவர்கள் இசையவில்லை.

எனினும், நியாயத்தின் அளவு எங்கும் ஒன்றன்று. ஜோசப் ஹென்ரிக் முதலிய ஆய்வாளர்கள் 15 சிறு சமுதாயங்களில் ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பெரு நாட்டுக் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்கள் குடும்பம் குடும்பமாகத் தனித்து உழைப்பவர்கள். அவர்கள் கொடுக்க முன்வந்தது சராசரியாக 26 சதவீதமே; அதனை மறுத்தோரும் மிக அரியர். இந்தோனேசியாவின் லமலெரா கிராமத்தாரோ திமிங்கில வேட்டையாடுவோர். பலர் ஒரே படகில் ஏறி ஒன்றாக உழைத்தாலன்றி அவர்களுக்கு வேட்டை இல்லை. எப்பகுதி யாருக்கு உரியது என்பதை வழிவழி வந்த முறைப்படியே பிரிப்பர். அவர்கள் கொடுக்க முன்வந்தது சராசரியாக 58 சதவீதம்! கூட்டுழைப்பின் பயனும் சந்தைத் தொடர்பும் மிகுந்த இடங்களில் கொடுக்கும் பங்கும் மிகுந்திருந்தது என்பதே ஆய்வாளர் கண்ட உண்மை.

இதில் நம் சங்கங்களுக்குப் பாடம் உண்டு. நெய்பவருக்குக் கூலி, விளைவிப்பவருக்கு விலை, ஆண்டிறுதியில் இலாபப் பங்கு ஆகிய யாவும் பங்கீடே. ‘ஏதோ கிடைத்ததே’ என்று அங்கத்தினர் மனநிறைவு கொள்வர் என நிர்வாகக் குழு எண்ணலாகாது. பங்கு நியாயமன்று என்று கருதுபவர் தம் துணியையும் விளைபொருளையும் தனி வியாபாரியிடம் கொண்டு செல்வார். அங்கே விலை குறைந்தால் அவருக்கு நட்டம். சரக்குக் குறைவதால் சங்கத்துக்கும் நட்டம். ஆகவே, பங்கிடும் விதியை மகாசபையில் முன்கூட்டியே வகுத்து, கணக்கை அனைவரும் அறியச் செய்க. லமலெராப் படகைப் போலவே, சங்கமும் பலர் கூடிச் செலுத்துவதன்றோ?