பனிமலையில் ஹெலிகாப்டர் ஓட்டலாம், வாங்க!



தேர்தல் நேரத்தில் பெரிய தலைவர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதை நம்மில் நிறைய பேர் டி.வி.யிலாவது பார்த்திருப்போம். புழுதி பறக்கும், துண்டு பறக்கும், பந்தல் துணி கிழியும். அவ்வளவு காற்றைக் கீழே தள்ளினால்தான் அது மேலே நிற்க முடியும். சரி, தள்ளுவதற்குக் காற்றே பாதிதான் இருக்கிறது என்றால் அது என்ன பண்ணும்?

மதுரையில் காலேஜ் படிக்கிற என் பெரியப்பா மகன் அண்ணன் லீவுக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப் கொண்டுவரும். அதில் ஃப்ளைட்கியர் என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. இலவசமாகவே கிடைப்பது. பார்க்க வீடியோ கேம் மாதிரி இருக்கும், ஆனால் அது உயரம், வெப்பம், எடை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் ஹெலிகாப்டரை நகர்த்தும். அதனால் அதை வைத்துச் சோதனையே செய்யலாம். நாங்கள் செய்தோம்.

மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரம். அங்கே கிளப்பினால் ஹெலிகாப்டர் சமர்த்தாக மேலே ஏறுகிறது. அதே ஹெலிகாப்டரை, அதே எடையோடு, லடாக்கில் உள்ள லே விமான நிலையத்தில் வைத்தோம். அது 10,682 அடி. அங்கே ஒரு ஆள் உயரம் எழும்பவே திணறியது. டேங்கில் இருந்த எரிபொருளைக் கால்வாசியாகக் குறைத்த பிறகுதான் எழும்பியது.

ஏன் இப்படி? காற்றுக்கு எடை உண்டு என்று படித்திருக்கிறோம். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. லே உயரத்தில் 0.9 கிலோ. 20,000 அடியில் 0.65 கிலோதான். வைகையில் தண்ணீர் நிறைய ஓடும்போது நீச்சல் அடிக்கலாம். கணுக்கால் தண்ணீரில் கையை எவ்வளவு வீசினாலும் தள்ள ஒன்றும் அகப்படாது. அதே கதைதான். கொடைக்கானல் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், மலை ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டே போகும். வெளியே காற்றழுத்தம் குறைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்னொரு ஆச்சரியம். வெயிலும் காற்றை மெலிதாக்கும். நம்ம ஊர்க் கத்திரி வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது, மதுரையில் நிற்கிற ஹெலிகாப்டருக்கு அது சுமார் 3,500 அடி உயரத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். மலையே ஏறாமல் பாதி கொடைக்கானல்! பனிமலைப் பைலட்டுகள் விடிகாலையிலேயே பறக்கப் பார்ப்பதற்கு இந்தக் குளிர்ந்த காற்றும் ஒரு காரணம்.

இப்போது ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். பைலட்டின் இடது கைப் பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் பெயர் கலெக்டிவ். அதை மேலே இழுத்தால் தலைக்கு மேல் சுற்றுகிற இறக்கைகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து, காற்றை அதிகமாக வெட்டித் தள்ளும். ஏறவில்லையா, இன்னும் இழு என்றுதான் யாருக்கும் தோன்றும். கீழே அது சரி. மலையில் அங்கேதான் ஆபத்து! சாய்வு கூடக் கூட இறக்கையைச் சுற்ற அதிக சக்தி வேண்டும். ஆனால் இன்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிற பொருள்தான், அதற்கும் ஆக்சிஜன் குறைவு. பாரம் தாங்காத வண்டி மாடு படுத்துவிடுகிற மாதிரி, இறக்கையின் வேகம் குறைய ஆரம்பிக்கும். வேகம் குறைந்தால் தூக்கும் சக்தி போய்விடும். ஆகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே நெம்புகோலைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் இறக்கை பழைய வேகத்துக்கு வரும். மனசு ஒன்று சொல்லும், கை வேறு செய்ய வேண்டும். சிமுலேட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான்.

நேராக மேலே எழும்ப முடியாவிட்டால் பைலட்டுகளுக்கு வேறு வழி இருக்கிறது. தரைக்கு ரொம்பப் பக்கத்தில் மிதந்தால் தரையே காற்றைத் தாங்கிக் கொடுக்கும், சக்தி கொஞ்சம் மிச்சமாகும். அப்படியே மெதுவாக முன்னால் நகர்த்தி, மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகம் வந்ததும், இறக்கைக்குப் புதுக்காற்று கிடைத்து ஹெலிகாப்டர் தானாக லேசாகிவிடும். இறங்கும்போதும் கிணற்றில் வாளி விடுகிற மாதிரி நேர் கீழே வேகமாக இறங்கக் கூடாது. தான் தள்ளிய காற்றுக்குள் தானே சிக்கிக் கீழே போகும். எதிர்க்காற்றைப் பார்த்து, சாய்வாக வர வேண்டும். சரிப்படவில்லை என்றால் ஒதுங்கிப் போக ஒரு பக்கம் பள்ளம் இருக்க வேண்டும்.

ரீசெட் பட்டன் இருக்கிற சிமுலேட்டரில் இதெல்லாம் ஜாலி. நிஜத்தில் இதைச் செய்கிற இடம் சியாச்சின் பனியாறு. 1984-இல் இருந்து அங்கே நம் ராணுவம் இருக்கிறது. அங்குள்ள சோனம் முகாமில் சுமார் 21,000 அடியில் ஹெலிகாப்டர் இறங்குதளம் உண்டு. சீட்டா என்ற சின்ன ஹெலிகாப்டர்தான் அவ்வளவு உயரத்துக்குப் பல வருடங்களாகச் சாமான் தூக்கியது. பிரான்ஸ் நாட்டில் லாமா என்ற பெயரில், நம் இந்தியப் படைகளின் மலைத் தேவைக்காகவே வடிவமைத்தது. 1969-இல் முதலில் பறந்தது. பிறகு எச்.ஏ.எல். நிறுவனம் இங்கேயே சீட்டா என்று தயாரித்தது. 1972 ஜூன் 21-இல் ஜான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் ஒரு லாமாவில் தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிட்டு 12,442 மீட்டர் வரை ஏறினார். எவரெஸ்ட்டை விட மூன்றரை கிலோமீட்டர் மேலே! அங்கே இன்ஜின் நின்றுபோனது. பனை ஓலைக் காத்தாடி எதிர்க்காற்றில் தானாகச் சுற்றுகிற மாதிரி, கீழிருந்து வந்த காற்றே இறக்கையைச் சுற்ற, இன்ஜின் இல்லாமலே பத்திரமாகத் தரை இறங்கினார்.

அப்பேர்ப்பட்ட ஹெலிகாப்டரும் சியாச்சினின் மிக உயரமான முகாம்களுக்கு ஒரு நடைக்கு 20, 25 கிலோதான் கொண்டுபோக முடியும். நம்ம வீட்டு ஒரு சிப்பம் அரிசி! அடுப்புக்கு மண்ணெண்ணெய் வேண்டும் என்றால் அரிசி அடுத்த நடை. பைலட் இன்ஜினை நிறுத்துவது கிடையாது, சாமானை இறக்கியதும் கிளம்பிவிடுவார்.

2016 பிப்ரவரி 3-இல் சோனம் பக்கம், 19,600 அடியில் இருந்த ஒரு முகாம் மேல் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் நம் மதுரை மாவட்டம், இன்னொருவர் பக்கத்துத் தேனி மாவட்டம். அப்போது நாமெல்லாம் அங்கன்வாடிக்குப் போன வயசு. தேடுவதற்கு ஆள், மோப்ப நாய், பனி வெட்டும் கருவி என்று எது போனாலும் இந்த எடைக் கணக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரரை உயிரோடு எடுத்தார்கள். ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்து, விமானத்தில் டெல்லி கொண்டுபோயும், பிப்ரவரி 11-இல் இறந்துபோனார். மற்ற ஒன்பது பேரின் உடல்கள் வானிலை சரியில்லாமல் பனிமலையிலேயே காத்திருந்து, அதற்குப் பிறகுதான் ஊருக்கு வந்தன.

இதைப் படித்த பிறகு நான் சிமுலேட்டரில் லே போட்டால் முதலில் எடைப் பட்டியலைத்தான் பார்க்கிறேன். அண்ணன் கூட "என்ன, ரேஷன் கடைக்காரி மாதிரி நிறுக்குற?" என்று கேட்டது.

உங்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு முகாமுக்கு 200 லிட்டர் மண்ணெண்ணெய் வேண்டும். ஒரு லிட்டர் 0.8 கிலோ. ஹெலிகாப்டர் ஒரு நடைக்கு 20 கிலோ தூக்கும். எத்தனை நடை? டின்னின் எடையைச் சேர்க்க வேண்டாம். விடையைக் கீழே தலைகீழாக எழுதியிருக்கிறேன், போட்டுவிட்டுப் பாருங்கள்.

(விடை: 8 நடை. டின்னையும் சேர்த்தால் இன்னும் கூடும்.)

— 9-ஆம் வகுப்பு மாணவி