எலியிடம் தெரியாத அறிகுறி

முதலில் காய்ச்சல். கூடவே தலைவலி, எழுந்து நடக்கவிடாத கெண்டைக்கால் வலி. சில நாட்களில் இருமல், மூச்சு வாங்கல், கடைசியில் சளியோடு ரத்தம். 1988லிருந்து மழை ஓய்கிற அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பகுதியை இந்தக் காய்ச்சல் ஆட்டிப் படைத்தது. என்ன நோய் என்று தெரியாததால் பெயரும் பொத்தாம்பொதுவாக அமைந்தது: ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’.

1993ல் அது மறுபடியும் பரவியபோது போர்ட் பிளேர் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) மண்டல மருத்துவ ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் மர்மத்தை உடைத்தார்கள். நோய், லெப்டோஸ்பைரோசிஸ். பாமர மொழியில் எலிக்காய்ச்சல். அந்தமானுக்கு இது புதிய விருந்தாளி அல்ல. கைதிகளின் தீவாக இருந்த காலத்திலேயே டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டு 1931ல் எழுதிவைத்தார்கள். அறுபது வருட மறதிக்கு யாரைக் குறை சொல்வது?

எலிக்காய்ச்சல் என்றாலே மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு என்பதுதான் பாடப்புத்தக முகம். திக்லிப்பூரில் அது நுரையீரலைத் தாக்கியது. காமாலை தலைகாட்டாமலே நுரையீரலில் ரத்தம் கசியலாம். கசியத் தொடங்கிவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

எலியைப் பார்த்து உஷாராகலாம் என்றால் அதுவும் முடியாது. செல்லமாக வளர்க்கும் எலிக்கு மூச்சுக் கோளாறு வந்தால் தும்மும், மூச்சில் கரகரப்பு கேட்கும், கண்ணோரம் சிவப்பாகக் கசியும். (பதற வேண்டாம், அது ரத்தமல்ல, போர்ஃபைரின் என்ற நிறமி.) ஆனால் லெப்டோஸ்பைரா கிருமியைச் சிறுநீரகத்தில் சுமக்கும் எலி பெரும்பாலும் கொழுகொழுவென்று ஓடித் திரியும். அதன் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியே கிருமி மனிதனுக்குள் நுழைகிறது. மாடுகளும் இதைச் சுமப்பதுண்டு.

அறிகுறி தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் சேற்றில் இறங்கியதே மறந்துபோகும். காய்ச்சலோடு போகிறவர் அதை டாக்டரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளே கேட்கும்.

டாக்சிசைக்ளினை வாரம் ஒருமுறை முன்கூட்டியே கொடுத்தும் திக்லிப்பூரில் சோதித்தார்கள். 2000ல் வெளியான முடிவின்படி, மாத்திரை தொற்றைத் தடுக்கவில்லை. நோயின் கடுமையையும் சாவையும் குறைத்தது.